இல்லாத கையின் வலி

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை அடுத்துள்ள எம். புதுப்பட்டி வட்டாரம் பட்டாசுத் தொழிலை நம்பி வாழ்வது. 2023 அக்டோபர் 17 அன்று அவ்வட்டாரத்து ரெங்கபாளையத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டோரை நாடு எண்ணுகிறது. இத்தகைய விபத்துகளில் கையிழந்து பிழைப்போரின் வேதனையோ வெளியே தெரிவதில்லை. அகற்றப்பட்ட கையின் விரல்கள் எரிவதாகவும் முறுக்கிக்கொள்வதாகவும் உறுப்பிழந்தோர் பலர் உணர்வதுண்டு. சுற்றத்தார் அதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுவர். அது வெறும் பிரமைதானா?

உள்ளத்தின் நிலையை உடலில் தேடும் ஆய்வு பழமையானது. கி.பி. 980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு சீனா, தம் ‘அல்கானூன்’ எனும் மருத்துவப் பெருநூலில் காதல் நோயை மூளை நோய்களோடு சேர்த்தே ஆராய்ந்தார். நோயாளியின் நாடியைப் பிடித்தவாறு பல பெயர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்; எதைக் கேட்டதும் நாடி தடுமாறுகிறதோ, அதுவே நோயின் காரணத்தைக் காட்டும் என்றார். கிரேக்க மருத்துவர் காலன் முன்னரே கண்ட குறிப்பு, அவரிடம் ஒழுங்கான சோதனை முறையாயிற்று. நோயாளி மறைப்பதையும் உடல் உரைக்கும் என்பதே அதன் உட்கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களை ஆராய்ந்த சைலஸ் வெயர் மிட்செல், 1871இல் இல்லாத உறுப்பின் உணர்வுக்கு ‘மாய உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். 1990களில், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் இதனை மேலும் ஆராய்ந்தார். இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும்படி ஒரு நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். நலமான கையை விரித்ததும், இறுகியிருந்த மாயக்கையும் விரிவதாகச் சிலர் உணர்ந்தனர். அவர்தம் வலியும் தணிந்தது.

கைக்குரிய மூளைப்பகுதியை அண்டையிலுள்ள முகத்துக்குரிய பகுதி கைப்பற்றுவதே காரணம் என்று அவர் கருதினார். ஆனால், கை அகற்றப்படுவதற்கு முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்து ஒப்பிட்ட 2025ஆம் ஆண்டு ஆய்வொன்று, கையின் வரைபடம் மூளையில் அழியாமல் நிலைப்பதைக் காட்டியது. விளக்கம் மாறினும் ஓர் உண்மை மாறவில்லை: கை போனபின்னும் மூளை அதை மறப்பதில்லை.

கண்ணாடிப் பயிற்சி எல்லாருக்கும் பயன்தருவதன்று. ஆயினும் அதற்குச் செலவு மிகக் குறைவு. அதற்கும் முன்னதாக, செலவே இல்லாத மருந்தொன்று உண்டு. நோயாளி சொல்லும் வலியை நம்புவதே அது. நாடியில் விரல் வைத்துச் செவிமடுத்த அந்தப் பழைய மருத்துவம் நமக்குச் சொல்லிச் சென்றதும் அதுவே.