சமயம் என்னும் சொல்லும் உச்ச நீதிமன்றமும்

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, 25, 26 ஆம் உறுப்புகளில் சமய உரிமையை வழங்கியது. ஆயின் சமயம் யாது என்பதை அஃது வரையறுக்கவில்லை. நூற்பாவுக்கு உரையாசிரியர் பொருள் காண்பதுபோல அச்சொல்லுக்குப் பொருள் காணும் கடமை உச்ச நீதிமன்றத்தைச் சார்ந்தது. அக்கடமையை நீதிமன்றம் ஆற்றிய தொடக்ககால வழக்குகளுள் ஒன்று சமணக் கோயிலிலிருந்து எழுந்ததாகும்.

பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டத்தை எதிர்த்து, சமணக் கோயில் ஒன்றன் மேலாளராகிய இரதிலால் பானாசந்த் காந்தி வழக்குத் தொடுத்தார். மனிதனை அவன் மனச்சான்றோடு பிணைப்பதும் ஒழுக்க நெறியுமே சமயம் எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் குறுகிய பொருள் கொண்டது.

1954 மார்ச்சு 16 அன்று உடுப்பியைச் சார்ந்த சீரூர் மடத்து வழக்கிலும், மார்ச்சு 18 அன்று இரதிலால் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரண்டையும் எழுதியவர் நீதிபதி பி. கே. முகர்ஜியா. சமயம் கொள்கையளவில் நிற்பதன்று. சடங்கும் வழிபாடும் நோன்பும் அதன் கூறுகளே என்றார் அவர். ஒரு சமயத்திற்கு இன்றியமையாதது எது என்பதை, முதன்மையாக அச்சமயத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிதல் வேண்டும் என்று சீரூர்த் தீர்ப்பு நிறுவியது. அறக்கட்டளைகளின் பதிவையும் கணக்குத் தணிக்கையையும் ஏற்ற நீதிமன்றம், சமய நிறுவனத்திற்கு அரசு அலுவலரையே அறங்காவலராக அமர்த்த இடந்தந்த விதியை ஏற்கவில்லை.

‘இன்றியமையாதது’ என்னும் சொல் 25, 26 ஆம் உறுப்புகளில் இல்லை, உரையில் பிறந்தது. கேடயமாகத் தோன்றிய அச்சொல் காலப்போக்கில் அளவுகோலாயிற்று. 1961 இல் அஜ்மீர் தர்கா வழக்கில், மூடநம்பிக்கையால் வந்து சேர்ந்தவற்றைப் பிரித்தறிய வேண்டும் என்றது நீதிமன்றம். சமயத்தின் உள்ளடக்கத்தை ஆராயும் பணி இவ்வாறு நீதிபதிகளிடம் பெருகியது.

அவ்வளவுகோல் சமணர்மீதே வந்து நின்றது. 2015 ஆகத்து 10 அன்று இராசத்தான் உயர் நீதிமன்றம், சல்லேகனை வீடுபேற்றுக்கு இன்றியமையாத நெறியென நிறுவப்படவில்லை எனக் கூறி, அதனைத் தற்கொலையோடு ஒப்பவைத்தது. நாடெங்கும் சமணர் அமைதி ஊர்வலம் சென்றனர். ஆகத்து 31 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைப் பழங்கல்வெட்டு தாங்கி நிற்கிறது. சல்லேகனையின் இலக்கணத்தை இல்லறத்தார்க்கும் உணர்த்தும் அருங்கலச்செப்பு தமிழில் உள்ளது. ஒரு சமயத்தின் கோட்பாட்டை அதன் நூல்களிலும் வழக்கிலும் தேடுவதே 1954 ஆம் ஆண்டுத் தீர்ப்பு காட்டிய நெறி. அவ்வாறு தேடுங்கால் சான்று கூற வேண்டியவை இக்கல்வெட்டும் இத்தகைய ஏடுகளுமே. அவற்றைப் படித்துப் பொருள் சொல்லவல்லார் இல்லங்கள்தோறும் இருப்பின், அரசியலமைப்பு அளித்த உரிமைக்கு அதனினும் உறுதியான காவல் வேறில்லை.