சும்மா ஜாலிக்கு

2016 ஜனவரி 4, ஹோபார்ட். பிக் பேஷ் ஆட்டத்தில் மெல்போர்ன் ரெனகேட்ஸுக்காக ஆடி அவுட்டாகி வந்த கிறிஸ் கெயிலிடம் சேனல் டென் தொலைக்காட்சியின் மெல் மெக்லாஃப்லின் மைக்கை நீட்டுகிறார். ஆட்டத்தைப் பற்றித்தான் கேள்வி. கெயில் சொன்ன பதிலோ, உங்கள் கண்களைப் பார்க்கத்தான் வந்தேன், ஜெயித்தால் பிறகு சேர்ந்து குடிக்கப் போகலாம், வெட்கப்படாதே பேபி. "நான் வெட்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டு மெக்லாஃப்லின் தன் வேலையைத் தொடர்ந்தார். வர்ணனை அறையில் சிரிப்பது நேரலையில் கேட்டது. சேனலின் ட்விட்டர் கணக்கு 'ஸ்மூத்' என்று ரசித்து ஒரு பதிவு போட்டது. பார்த்தவர்கள் கடுப்பானதும் அதை நீக்கியது.

மறுநாள் கெயில், அது சாதாரண ஜோக், யாரையும் அவமதிக்க நினைக்கவில்லை என்றார். அணி 10,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

ஐபிஎல் புண்ணியத்தில் கெயில் நமக்கும் வேண்டப்பட்டவர். அதனால் "சும்மா ஜாலிக்குச் சொன்னதுப்பா, இதுக்குப் போயி இவ்ளோ பெரிய சீனா?" என்று நம்மில் பலருக்கும் வாய் வரை வரும். கலாய்ப்பது எனக்கும் பிடிக்கும். டீக்கடையில் நண்பன் கலாய்த்தால் அடுத்த நொடி அவனைத் திருப்பிக் கலாய்ப்பேன். அவனால் என் சம்பளத்தில் கை வைக்க முடியாது, எனக்கும் அவனுடைய பதிலை வாங்கிக்கொண்டு போய் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. மைக் பிடித்து நிற்கும் நிருபருக்கு அந்த வசதி கிடையாது. எதிரில் நிற்பவர் பேசினால்தான் அவருக்குப் பிழைப்பு. அவர் திருப்பிக் கொடுத்தால் திமிர், முகம் சுளித்தால் ஜோக் புரியாதவர், சிரித்து வைத்தால் 'பாரு, அவங்களே சிரிச்சாங்க'.

இந்தச் சொல் குழப்பம் நம் ஊரில் சட்டப் புத்தகம் வரை போயிருக்கிறது. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. உயிர் போன விஷயத்துக்குச் சீண்டல் என்று பெயர். பின்னால்தான் அதைப் பெண்களைத் துன்புறுத்துதல் என்று மாற்றினார்கள்.

விளையாட்டு நிருபர்கள் விஷயத்தில் இந்தச் சண்டை எங்கே சூடு பிடித்தது என்று தேடினால் அமெரிக்காவின் லாக்கர் ரூமுக்குப் போக வேண்டும். கிரிக்கெட்டில் ஆட்டம் முடிந்ததும் மேசை போட்டு, விளம்பரப் பலகைக்கு முன்னால் ஒருவரை உட்கார வைப்பார்கள். அமெரிக்காவில் வழக்கம் வேறு. பேஸ்பாலோ ஃபுட்பாலோ, ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே போய்ப் பேசுவார்கள். வியர்வை காய்வதற்குள் வாங்கும் வார்த்தைதான் மறுநாள் செய்தி. பெண் நிருபர் வெளியே வராந்தாவில் நிற்க வேண்டும். யாராவது மனம் வைத்து ஒரு வீரரை வெளியே அனுப்புவதற்குள் உள்ளே போன ஆண்கள் பாதிச் செய்தியை எழுதி முடித்திருப்பார்கள்.

1977 உலகத் தொடர், நியூயார்க் யாங்கீஸ் எதிர் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ். ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் மெலிசா லட்கி முறைப்படி கேட்டார். டாட்ஜர்ஸ் வீரர்கள் தங்களுக்குள் வாக்கெடுத்து, பெரும்பான்மையினர் சரி என்றார்கள். தடுத்தது பேஸ்பால் கமிஷனர் போவி கூனின் அலுவலகம். அவர்கள் சொன்ன காரணங்கள்தான் அருமை. வீரர்களின் மனைவிமாரிடம் கேட்கவில்லையாம். பெண் உள்ளே போனால் வீரர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களாம்.

இதை இரண்டு முறை படிக்க வேண்டும். கேலி வலிக்கும், கேலிக்குப் பயந்து ஒருவரைக் காப்பாற்றலாம், அதற்காக இன்னொருவரின் வேலையையே தடுக்கலாம் என்பதெல்லாம் அந்த அலுவலகத்துக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கேலிக்கு ஆளாகிறவர் வீரரின் பிள்ளையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பத்திரிகையின் உரிமையாளரான டைம் நிறுவனமும் லட்கியும் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லிதான் நீதிபதி. யாங்கீ ஸ்டேடியம் நியூயார்க் நகரத்தின் சொத்து, ஆகவே அங்கே பாகுபாடு காட்டுவது அரசே காட்டுவது மாதிரி என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டார். வீரர்களின் அந்தரங்கம்தான் பிரச்சினை என்றால் துண்டு இருக்கிறது, திரை இருக்கிறது. 1978 செப்டம்பரில் தீர்ப்பு. 1985க்குள் பேஸ்பாலும் என்எஃப்எல் ஃபுட்பாலும் எல்லா அணிகளுக்கும் சம அனுமதி என்று விதி போட்டுவிட்டன.

கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே வந்தவரை வெளியே அனுப்ப வேறு வழி இருந்தது.

1990 செப்டம்பர் 17, ஃபாக்ஸ்பரோ. பாஸ்டன் ஹெரால்டின் 26 வயது நிருபர் லிசா ஓல்சன், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் லாக்கர் ரூமில் மாரிஸ் ஹர்ஸ்ட் என்ற வீரரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தார். முந்தைய நாள்தான் அணி ஜெயித்திருந்தது. (அந்த சீசனின் 16 ஆட்டங்களில் அது ஒன்றுதான் வெற்றி.) ஜீக் மோவட் நிர்வாணமாக வந்து அருகில் நின்று ஆபாசமாகப் பேசினார். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், உசுப்பேற்றினார்கள்.

ஓல்சன் ஊரைக் கூட்டவில்லை. அணி நிர்வாகத்தோடு பேசி அமைதியாக முடித்துக்கொள்ளத்தான் விரும்பினார். ஆனால் 21ஆம் தேதி போட்டிப் பத்திரிகையான பாஸ்டன் குளோப் விஷயத்தை அச்சில் போட்டுவிட்டது. அணி உரிமையாளர் விக்டர் கயாம், ரெமிங்டன் ஷேவர் விளம்பரங்களில் தானே தோன்றி நாடறிந்தவர். அவர் ஓல்சனைக் கெட்ட வார்த்தையில் குறிப்பிட்டதாகச் செய்தி வந்தது. மறுத்தார். பெண்கள் அமைப்பு ரெமிங்டனைப் புறக்கணிக்கச் சொன்னதும் நாளிதழ்களில் காசு கொடுத்து மன்னிப்பு விளம்பரம் போட்டார். ஷேவர் பெண்களும் வாங்கும் பொருள்.

என்எஃப்எல் கமிஷனர் பால் டாக்லியாபு, ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஃபிலிப் ஹேமனை விசாரிக்கச் சொன்னார். நவம்பரில் வந்த அறிக்கை ஓல்சன் பக்கம்தான் நின்றது. அபராதம்: மோவட்டுக்கு 12,500 டாலர், இன்னும் இரண்டு வீரர்களுக்குத் தலா 5,000, அணிக்கு 50,000.

இதே சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. அக்டோபர் தொடக்கத்தில் சின்சினாட்டி அணியின் பயிற்சியாளர் சாம் வைச், யுஎஸ்ஏ டுடேயின் பெண் நிருபர் டெனிஸ் டாமை லாக்கர் ரூமுக்குள் விடவில்லை. அவருக்கு அபராதம் அவருடைய சம்பளத்தில் 17இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 28,000 டாலர். சம்பளக் கணக்கில் வந்த தொகை என்பது சரி. இருந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது: பெண்ணை வாசலில் நிறுத்தியதற்கு 28,000, உள்ளே விட்டு அவமானப்படுத்தியதற்கு 12,500. முதலாவது விதிமீறல் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. இரண்டாவதில் ஜோக் என்ற சொல் எங்கோ தள்ளுபடி வாங்கித் தந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

1991 பிப்ரவரி, வளைகுடாப் போர் நேரம். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு விருந்தில் கயாம் மேடையேறினார். இராக்கியர்களுக்கும் லிசா ஓல்சனுக்கும் என்ன ஒற்றுமை? இருவருமே பேட்ரியட் ஏவுகணையை நெருக்கத்தில் பார்த்தவர்கள். அப்போது இராக்கின் ஏவுகணைகளைத் தடுத்த அமெரிக்க ஏவுகணையின் பெயரும் பேட்ரியட்தான். விளக்கினால் ஜோக் செத்துவிடும் என்பார்கள். இது சாகட்டும் என்றுதான் விளக்கினேன். அறிக்கை வந்தாயிற்று, முழுப் பக்க மன்னிப்பும் வந்தாயிற்று, அதற்குப் பிறகு சொன்னது இது. பிறகு இதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

ஓல்சனுக்கு மிரட்டல்கள் வந்தன, காரின் டயர்களைக் கிழித்தார்கள். அவர் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. பாஸ்டனில் அவரால் எந்த ஆட்டத்துக்கும் நிருபராகப் போக முடியவில்லை, போன இடத்தில் அவரே செய்தியானார். கடைசியில் நாட்டை விட்டே கிளம்பி ஆஸ்திரேலியாவுக்குப் போய், சிட்னியில் ஒரு நாளிதழில் விளையாட்டுச் செய்தி எழுதினார். பல வருடங்கள் கழித்து, 1998இல், நியூயார்க் டெய்லி நியூஸில் வேலைக்குச் சேர்ந்து அமெரிக்கா திரும்பினார். அங்கேயும் விளையாட்டுப் பத்திதான்.