உப்புக்காற்றில் ஒரு ஹாரன்

தூத்துக்குடியில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் பார்ப்பது என் பிழைப்பு. ஊமையாகிப்போன ஹாரன்தான் அடிக்கடி கைக்கு வரும்.

அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. இன்றைய கனடாவின் பார்ட்ரிட்ஜ் தீவில், மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்க 1859-இல் ராபர்ட் ஃபவுலிஸின் நீராவி ஊதுகருவி ஒலித்தது. 1908-இல் அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசனின் கிளாக்சன் வந்தது. மோட்டாரில் சுழலும் பல்சக்கரம் தகட்டைத் தட்டிக் கத்தவைக்கும். பின்னாளில் அந்த வேலையை மின்காந்தம் எடுத்துக்கொண்டது.

1972-இன் சர்வதேச விதிப்படி 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலங்களுக்கு ஊதுகருவி கட்டாயம். சுருக்கமாக ஒரு முறை ஊதினால் கலம் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் எஞ்சின் பின்னோக்கி ஓடுகிறது. அதனால்தான், "சத்தமில்லாம கடலுக்குப் போகாதீங்க அண்ணாச்சி" என்பேன்.

பட்டனை ஒருவர் அழுத்த, ஹாரன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பார்ப்பேன். பல நேரம் குற்றவாளி பச்சைக் களிம்பேறிய ஒயர்தான். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, ஒயர் முனையில் புது லக் வைத்து, கிரீஸ் பூசுவேன். ஒயர் சரியென்றால் ஹாரனுக்குள் தொட்டுப் பிரியும் பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, பின்பக்கத் திருகைக் கால் சுற்று திருப்பிப் பார்ப்பேன். தகடே துருவில் பொத்தலாகியிருந்தால் பழுதுபார்ப்பது வீண்செலவு. எவர்சில்வர் உடம்புள்ள புது ஹாரனை, தண்ணீர் தங்காதபடி வாயைச் சற்றே தாழ்த்தி மாட்டிவிடுவேன்.