அப்பாவின் கடிகாரத்திற்கு ஒரு வார்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தந்தையாரின் கைக்கடிகாரத்திற்கு வார் வாங்கப் புறப்பட்டேன். ஐந்து நிமிட வேலை என்றுதான் எண்ணினேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் நான் அறிந்துகொண்டதையே இங்கே பதிவு செய்கிறேன்.

என் தந்தையார் பினாங்குத் துறைமுகத்தில் சரக்குகளை எண்ணிக் குறிக்கும் எழுத்தராகப் பணியாற்றியவர். அந்தக் கடிகாரத்தை அவர் 1968ஆம் ஆண்டில் வாங்கினார். 1969 வரை பினாங்கு தீர்வையற்ற துறைமுகமாக இருந்ததால் வெளிநாட்டுக் கடிகாரங்கள் இங்கு மலிவாகக் கிடைத்தன. ராஜுலா கப்பலேறி நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் திரும்பியோரின் பெட்டிகளில் கைக்கடிகாரமும் இடம்பெறுவதுண்டு.

வெள்ளி நிற முகப்பு, அதனுள் இரண்டு சிறு வட்டங்கள், வலப்புறத்தில் திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். இவ்வகைக் கடிகாரத்திற்குக் குரோனோகிராஃப் என்று பெயர். கிரேக்க மொழியில் 'காலத்தை எழுதுவது' என்று பொருள்படும். 1821இல் பாரிஸ் நகரக் குதிரைப் பந்தயத்தில் நிக்கோலா ரியூசெக் என்பவர் பயன்படுத்திய கருவி, உண்மையிலேயே முகப்பின்மேல் மைத்துளி வைத்து நேரத்தைக் குறித்தது. பெயர் அதிலிருந்து வந்தது. மை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. தொங்காங் படகில் வரும் சரக்கு இறங்கி முடிய எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட அப்பாவுக்கு அந்தப் பொத்தான்கள் உதவின.

அவர் மறைந்தபின் கடிகாரம் அலமாரியில் கிடந்தது. பழுப்புத் தோல்வார் வெடித்து, கொக்கியருகே அறுந்திருந்தது. புதிய வார் போடலாம் என்றதும் அம்மா மறுத்தார்.

"அது அப்பா வேர்வை பட்ட வார், தம்பி. அவர் வாங்கினது அப்படியே இருக்கட்டும்."

அம்மாவின் சொல்லை மீற மனம் வரவில்லை. அறுந்த வாரோடு கடிகாரத்தை அணியவும் வழியில்லை. எனவே, வார் என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடவர் கடிகாரம் சட்டைப்பையில் இருந்தது. மணிக்கட்டில் அணிவது பெண்களின் அணிகலனாகக் கருதப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரின்போது, போர்வீரர்கள் பைக்கடிகாரத்தைத் தோலுறையில் வைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டனர். முதல் உலகப் போரில் அவ்வழக்கம் மேலும் பரவியது. கையில் துப்பாக்கி இருக்கும்போது பையைத் துழாவ முடியுமா? ஆடவரின் கடிகாரம் பையிலிருந்து கைக்கு வந்தது தோல்வாரின் துணையால்தான். ஒரு கையில் ஏடும் மறுகையில் பென்சிலுமாக நின்ற அப்பாவுக்கும் அதே தேவைதான் இருந்தது.

தோலின் கதையில் தமிழகத்திற்கும் பங்குண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிடுவது நம்மவரின் பழந்தொழில். வாணியம்பாடியும் ஆம்பூரும் அதனால் பெயர் பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பினால் பதனிடும் முறையைப் புகுத்தினார். சென்னையின் குரோம்பேட்டை தன் பெயரை அங்கிருந்த குரோம் தோல் ஆலையிடமிருந்து பெற்றது. பட்டையால் பதனிட்ட தோலைவிடக் குரோம் தோல் ஈரத்தையும் வெப்பத்தையும் நன்கு தாங்கும். தோலைப் பதனிட்ட கைகளைத் தாழ்வாக நடத்திய நம் சமூகம், அதே தோலைப் பெருமையோடு மணிக்கட்டில் கட்டிக்கொண்டது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

இவற்றைப் படித்த பிறகு ஓர் ஐயம் எழுந்தது. பினாங்கின் வேர்வையிலும் கடற்காற்றிலும் ஒரு தோல்வார் இத்தனை ஆண்டுகள் தாங்குமா? குடும்பப் படத்தொகுப்பை எடுத்து, அப்பாவின் இடக்கையை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

1969ஆம் ஆண்டுப் படத்தில் கறுப்புத் தோல்வார். 1977இல் எடுத்த திருமணப் படத்தில் இழுத்தால் விரியும் எஃகுச் சங்கிலி. நான் கைக்குழந்தையாக இருக்கும் படத்திலோ சாம்பல் நிற நைலான் வார்! அப்படத்தில் ஆண்டு குறிக்கப்படவில்லை. அம்மாவிடம் காட்டினேன். சற்றுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சங்கிலி முடியைப் பிடிச்சு இழுக்குதுன்னு கழற்றிப் போட்டுட்டார். இந்தத் துணி வாரைத்தான் ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டு அலசுவார். மணியை அரைமணி தள்ளி வச்சாங்களே, அந்த ராத்திரியும் இதுதான் கையில இருந்துச்சு."

அந்த இரவு எதுவென்று வரலாறு தெளிவாகச் சொல்கிறது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணியை நள்ளிரவு 12.00 ஆக்கி, தீபகற்ப மலேசியா தன் நேரத்தை அரைமணி முன்னே நகர்த்தியது. அம்மாவின் நினைவு அப்படத்திற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டைக் கொடுத்துவிட்டது. ஒரே நீளமாகக் கடிகாரத்தின் அடியில் ஓடும் அவ்வகை நைலான் வாரைப் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சு 1973இல் தன் படையினருக்காக வரையறுத்தது. வாரைத் தாங்கும் ஊசிகளில் ஒன்று முறிந்தாலும் கடிகாரம் கீழே விழாது. துறைமுகத்தில் வேலை செய்தவர் அதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆக, அப்பா வாங்கிய வார் எப்போதோ போய்விட்டது. அலமாரியில் இருந்தது நான்காவது வார். ஓய்வு பெற்றபின் போட்டது. மாற்றக்கூடாது என்று நாங்கள் எண்ணியதை அப்பாவே மாற்றிக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் முதலில் வார் பூட்டும் இரு கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலத்தை அளந்தார், 18 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் வார் ஆடும், கூடினாலும் மடங்கும் என்றார். வெள்ளி முகப்பு எல்லா நிறத்தையும் ஏற்கும். கறுப்பு எடுப்பாகக் காட்டும், பழுப்பு பழமையைக் காட்டும், கருநீலம் இரண்டுக்கும் நடுவே நிற்கும் என்றும் விளக்கினார்.

"ஐயா, தினமும் கட்டுறதா இருந்தா நைலான் எடுங்க. தோல்னா ராத்திரி கழற்றிக் காற்றாட வைக்கணும்."

அம்மா சாம்பல் நிற நைலானைக் கையில் எடுத்து, "இதுவே இருக்கட்டும்" என்றார். அறுந்த பழுப்பு வாரை அப்பாவின் மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். கடிகாரம் இப்போது என்னோடு பள்ளிக்கு வருகிறது.

ஆசிரியர்களே, குடும்ப வரலாறு கற்பிக்கும்போது மாணவர்களை ஒரு பழைய படம் கொண்டுவரச் சொல்லுங்கள். முகங்களைப் பார்த்தபின் கைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே, படத்தின் பின்புறம் ஆண்டை எழுதி வையுங்கள். எழுதாதவற்றைப் பெரியவர்களிடம் இன்றே கேட்டுவிடுங்கள்.