‘இசக்கி’ என்ற பெயருக்கு என்ன அர்த்தம்? தாராவியில் அதிகம் கேட்கும் நெல்லைப் பெயரின் பின்னணி

தாராவி 90 அடி சாலையில் நின்று “ஏ இசக்கி!” என்று கூப்பிட்டால் யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். நெல்லைச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே அவ்வளவு. கூப்பிடு தூரத்தில் இருக்கும் பிகேசி அலுவலகங்களில் அதே பெயரைச் சொன்னால், “ஸ்பெல்லிங் ப்ளீஸ்” என்பார்கள். உங்கள் பெயரோ அம்மாவின் பெயரோ இசக்கியம்மாள் என்றால் இது உங்களுக்குப் புதுசு இல்லை.

பெயரின் வேர் ‘யட்சி’. மரத்திலும் நீர்நிலையிலும் குடியிருந்து வளம் காக்கும் பெண் தெய்வம். டெல்லி ரிசர்வ் வங்கி வாசலில் ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய பெரிய சிலையாக நிற்பவளும் ஒரு யட்சிதான்.

தமிழில் அது ‘இயக்கி’ ஆனது. சிலப்பதிகாரத்தில் மாதரி மதுரைக்கு வெளியே பால்சோறு படைத்துவிட்டு வருவது ஓர் இயக்கிக்குத்தான். அப்புறம் பேச்சு வழக்கு தன் வேலையைக் காட்டியது. உயரம் உசரம் ஆகிறது, முயல் முசல் ஆகிறது இல்லையா? அப்படித்தான் இயக்கி, இசக்கி ஆனாள். ‘இயக்குபவள்’ என்று தமிழிலேயே பொருள் சொல்வோரும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாலியில் ‘யக்கினி’ என்று இருப்பதைப் பார்த்தால் யட்சி வழிதான் பொருத்தமாகப் படுகிறது.

சமணத்திலும் யட்சிகள் உண்டு. நேமிநாதரின் யட்சி அம்பிகா, குழந்தைகளோடு நிற்பாள். கழுகுமலையிலும் சிதறாலிலும் அவள் சிற்பங்களைப் பார்க்கலாம். கையில் பிள்ளையோடு இருக்கும் இசக்கியம்மனை ஆய்வாளர்கள் சிலர் இவளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். குமரி மாவட்டம் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் பிள்ளை வரம் கேட்டு வேண்டுவதும், பிறந்த குழந்தைக்கு அவள் பெயரையே வைப்பதும் வழக்கம். பெண்ணுக்கு இசக்கியம்மாள், பையனுக்கு இசக்கிமுத்து. வெறும் ‘இசக்கி’ என்றால் இருவருக்கும் பொது.

பலர் அலுவலகத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதில் தப்பில்லை. சிக்கல் ஆவணங்களில்தான். ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஆதாரில் ‘ஐ’, பான் கார்டில் ‘ஈ’ என்று இருந்தால் வங்கியில் அலைச்சல் நிச்சயம். மகாராஷ்டிராவில் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளின் அரசு ஆவணங்களில் குழந்தையின் பெயரை அடுத்து அம்மாவின் பெயர், அதற்குப் பிறகுதான் அப்பா பெயரும் குடும்பப் பெயரும். ஆக, இசக்கியம்மாளுக்கு மும்பையில் குழந்தை பிறந்தால், பிறப்புச் சான்றிதழ், பள்ளி ஆவணம் என்று அவள் பெயரும் கூடவே வரும். அதற்கு முன்னால் எந்த ஸ்பெல்லிங் என்பதை முடிவு செய்து, ஆதாரையும் பான் கார்டையும் ஒரே மாதிரி திருத்தி வைத்துவிடுங்கள்.