தலை, கழுத்துப் புற்றுநோய்களில் எச்.பி.வி.

மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகவே பரவலாக அறியப்பட்டது. தொண்டையிலும் அது புற்றை உண்டாக்கும். ஆனால் தலை, கழுத்துப் பகுதி முழுவதையும் அது ஒரே அளவில் தாக்குவதில்லை. கன்னம், ஈறு, குரல்வளைப் புற்றுகளுக்குப் பெரும்பாலும் புகையிலை, மது, பாக்கு ஆகியவையே காரணம்; இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்று இவ்வகையே. எச்.பி.வி. புற்று பெரும்பாலும் டான்சிலிலும் அடிநாக்கிலும்தான் தோன்றும்.

டான்சிலின் பரப்பில் ஆழமான குழிகள் உண்டு. அவற்றின் உட்படலம் இடையிடையே விட்டுப்போயிருப்பதால் வைரஸ் அடிச்செல்களை எளிதில் எட்டிவிடுகிறது. முக்கியத் தொற்றுவழி வாய்வழிப் பாலுறவு. பெரும்பாலோருக்குத் தொற்று ஓரிரு ஆண்டுகளில் தானாகவே நீங்கும். நீங்காத சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புற்று தோன்றுகிறது. இதில் 16ஆம் வகை வைரஸின் பங்கு பத்தில் ஒன்பது. அதன் இ6 புரதம் செல்லின் காவலனான பி53ஐ அழிக்கிறது; இ7 புரதம் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. ஆர்பி முடங்கினால் பி16 என்னும் புரதம் குவியும். பி16ஐக் காட்டும் சாயமேற்றிய பயாப்ஸித் துண்டில் 70 சதவீதப் புற்றுச் செல்களாவது அழுத்தமாகப் பழுப்பேறினால் பி16 நேர்மறை. எச்.பி.வி. புற்று அரிதான நாடுகளில் இச்சோதனையை மட்டும் நம்புவது சரியன்று. வைரஸின் மரபுப்பொருளையும் தேட வேண்டும்.

கழுத்தில் வலியில்லாத கட்டியே பலருக்கு முதல் அறிகுறி. மூலக்கட்டி குழிக்குள் சிறிதாக ஒளிந்திருக்கும். இதனாலேயே கருப்பை வாய்க்கு இருப்பது போன்ற முன்னறி சோதனை தொண்டைக்கு இன்னும் வாய்க்கவில்லை.

2000இல் ஆய்வாளர் மௌரா கில்லிசனின் குழு 253 தலை, கழுத்துக் கட்டிகளை ஆராய்ந்து 62இல் இவ்வைரஸைக் கண்டது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தொண்டைப் புற்றுள்ளோரில் எச்.பி.வி. உள்ளவர்களில் 82.4 சதவீதத்தினர் மூன்றாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதத்தினரே. பெயர் ஒன்றானாலும் நோய் வேறு என்பது இதனால் உறுதியாயிற்று. 2018 முதல் இதற்குத் தனி நிலைப் பகுப்பும் நடைமுறைக்கு வந்தது.

நன்கு குணமாகும் நோய்க்குக் கடுஞ்சிகிச்சை எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. கதிர்வீச்சுடன் வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் மருந்துக்குப் பதிலாகச் செட்டுக்சிமாப் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரு பெரிய ஆய்வுகளின் முடிவு 2018இல் வெளியானது: நச்சுவிளைவு மொத்தத்தில் குறையவில்லை, இறப்பு கூடியது. சிஸ்பிளாட்டினே இன்றும் முதல் தேர்வு. தடுப்பு வழியில், ஒன்பது வகை வைரஸ்களுக்கான தடுப்பூசியைத் தொண்டைப் புற்றைத் தடுக்கவும் பயன்படுத்த அமெரிக்கா 2020 ஜூனில் ஒப்புதல் தந்தது.