செத்த புலிக்கும் சான்றிதழ்

மைசூரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூஜீன் வான் இங்கன் ஒரு பட்டறை தொடங்கினார். பிறகு அவருடைய மகன்கள் அதை நடத்தினார்கள். விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் அதற்கு இணையாகச் சொல்ல உலகத்திலேயே அதிகம் இல்லை. சமஸ்தானங்களிலிருந்தும் வெள்ளைக்கார அதிகாரிகளின் முகாம்களிலிருந்தும் உப்புத் தடவிய தோல்கள் அங்கே வந்து சேரும். தோலைப் பதப்படுத்தி, அச்சில் வார்த்த காகிதக்கூழ் உடலின்மேல் போர்த்தி, கண்ணாடிக் கண் பதித்து, உறுமும் வாயோடு திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பட்டறையின் வரலாற்றை எழுதிய பாட் மாரிஸ், அங்கே பாடம் செய்யப்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் 40,000-க்கு மேல் என்று கணக்கிடுகிறார். 1972-இல் நாடு முழுக்க நடந்த முதல் கணக்கெடுப்பில் கிடைத்த புலிகள் 1,827. இவ்வளவையும் அந்தப் பட்டறை சட்டத்தை மீறிச் செய்யவில்லை. பட்டறையைக் கட்டுப்படுத்தும் சட்டமே அன்று இல்லை. இந்தியாவில் காட்டுயிரைக் காக்க வந்த சட்டங்கள் நெடுங்காலம் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தன. துப்பாக்கி கொன்றதைச் சொத்தாக மாற்றிய பட்டறையின் பக்கம் அவை திரும்பிய பிறகுதான் சட்டத்துக்குப் பல் முளைத்தது என்பது என் வாதம்.

பழைய சட்டங்களை எடுத்துக்கொள்வோம். 1879-இல் சென்னை மாகாணம் நீலகிரிக்கென்று ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. காட்டெருமை, கடமான், வரையாடு போன்றவற்றை எந்தப் பருவத்தில் சுடக்கூடாது என்பதே அதன் கவலை. அடுத்த பருவத்திலும் துரைமார்களுக்குச் சுட ஏதாவது மிஞ்ச வேண்டுமே! 1912-ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் ஒரு படி மேலே போய், தடைக்காலத்தில் விற்பனையையும் தொட்டது. ஆனால் அதன் பட்டியலில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. அவற்றைக் கொன்றவர்களுக்கு அரசே வெகுமதி கொடுத்த காலம் அது. பட்டறைக்காரர் தன்னிடம் வந்த தோல் எப்படி வந்தது என்று கேட்கவோ, கணக்கு காட்டவோ தேவையிருக்கவில்லை.

1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. காட்டுயிர் அன்று மாநிலப் பட்டியலில் இருந்ததால், மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்ட பிறகே நாடாளுமன்றத்தால் இதை இயற்ற முடிந்தது. வேட்டைத் தடைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் வாசகரைக் கூட்டிப்போக விரும்புவது வரையறைகளுக்கு. அங்கே ஒரு செத்த விலங்குக்கு இரண்டு நிலைகள் உண்டு. பாடம் செய்யப்படும்வரை அது பதப்படுத்தாத வேட்டைச் சின்னம். பாடம் செய்த பிறகு வேட்டைச் சின்னம். சற்று முன் கொல்லப்பட்ட விலங்கு முதல் வகையில் வரும். கொம்பு, நகம், பல், இறகு எதுவும் விடுபடவில்லை. ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குப் பொருள் போவது பாடம் செய்பவரின் மேசையில். ஆகவே சட்டம் அந்த மேசைக்கே உரிமம் கேட்டது. கையிருப்பை அறிவிக்க வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும், அறிவிக்காத பொருளை வைத்திருக்கக்கூடாது. வீட்டில் வைத்திருப்பவர்களும் முப்பது நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டியதாயிற்று. போதாததற்கு, ஒருவரிடம் பிடிபட்ட பொருள் முறையாக வந்தது என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் வைத்திருப்பவர் தலையில் விழுந்தது. காட்டுக்குள் நள்ளிரவில் கேட்ட வெடிச்சத்தத்துக்குச் சாட்சி கிடைக்காது. வரவேற்பறையில் மாட்டிய தலைக்குச் சாட்சியே வேண்டாம்.

1986-இல் வந்த திருத்தம் உரிமத்தோடு நிற்கவில்லை. சட்டம் விலங்குகளைப் பட்டியலிட்ட அட்டவணைகளில், முதல் அட்டவணையிலும் இரண்டாம் அட்டவணையின் ஒரு பகுதியிலும் இருந்த விலங்குகளைப் பாடம் செய்வதைத் தொழிலாக நடத்துவதையும், அவற்றிலிருந்து வந்த பொருள்களை விற்பதையுமே தடுத்துவிட்டது. 1991 திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழக்கத்தை முடித்தது. மைசூர்ப் பட்டறை 1999-இல் மூடப்பட்டது. சட்டத்துக்கு முன்பே நியாயமாக வந்த பழைய பொருளை விற்கவும் தடை போடுவது அநியாயமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். தந்தம், தோல் வியாபாரிகள் இதே கேள்வியோடு நீதிமன்றம் போனார்கள். தந்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. பாடம் செய்த 1935-ஆம் ஆண்டுத் தோலையும் 1985-ஆம் ஆண்டுத் தோலையும் சந்தையில் நிற்கிற எவராலும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. பழையதை விற்கலாம் என்று ஒரு வாசல் திறந்தால் புதியதும் அதே வாசலில் நுழையும். சொத்தைப் பறிக்கவும் இல்லை: அறிவித்து உரிமைச் சான்றிதழ் பெற்றவர் வைத்திருக்கலாம், வாரிசுக்குப் போகலாம், விலைக்குத்தான் போகக்கூடாது. 2003-இல் அறிவிக்காமல் விட்டவர்களுக்கு 180 நாள் அவகாசம்கூடக் கொடுத்தார்கள்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லையே, சட்டம் என்ன செய்தது என்று இன்னொரு தரப்பு கேட்கும். அங்கே கள்ள வேட்டைக்குப் பின்னால் இருந்தது எல்லை தாண்டிய எலும்பு, தோல் சந்தை. அதற்குப் பட்டறை தேவையில்லை, சுவரில் மாட்டும் பெருமையும் தேவையில்லை. உள்நாட்டில் பகிரங்கமாக நடந்த சந்தையை ஒழித்த சட்டம் வெளிநாட்டுக் கள்ளச்சந்தையை ஒழிக்கவில்லை என்பது உண்மை. அது வேறொரு சண்டை.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு மட்டும் நான் பாதி இணங்குகிறேன். ஒரு கைவினை அழிந்தது; அருங்காட்சியகங்களுக்குப் புதிய மாதிரிகள் வருவது குறைந்தது. சட்டம் கல்விக்கும் ஆய்வுக்கும் வழி விட்டிருக்கிறது. மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் 2009 முதல் அரசு சார்ந்த மையம் ஒன்று, தானாக இறந்த விலங்குகளைப் பாடம் செய்கிறது. கால்நடை உடற்கூறியல் பேராசிரியர் சந்தோஷ் கெய்க்வாட் அதை உருவாக்கியவர். ஆனால் இறந்த புலியை முழுமையாக எரித்துவிட வேண்டும் என்பதே புலிகள் காப்பகங்களுக்கான பொது வழிகாட்டுதல். கடத்தலுக்கு அஞ்சிய இந்த எச்சரிக்கை புரிகிறது. எனினும் மாநிலத்துக்கு ஓர் அரசுப் பட்டறை, வெளிப்படையான பதிவேடு, விற்பனைக்கு இடமே இல்லை என்ற விதி ஆகிய மூன்றும் இருந்தால், ஒவ்வோர் உடலையும் சாம்பலாக்கத் தேவையில்லை.

தாத்தா காலத்து மான்கொம்பு வீட்டுச் சுவரில் இருக்கிறவர்கள் முதலில் அதற்கு உரிமைச் சான்றிதழ் உண்டா என்று பாருங்கள். இருந்து, வைத்திருக்க விருப்பமில்லை என்றால், 2022 திருத்தத்தின்படி ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் ஒப்படைத்துவிடலாம். இழப்பீடு கிடையாது, பொருள் மாநில அரசுக்குச் சொந்தமாகிவிடும்.